ராம் டிஸ்க்கில் பாயிங்க் ஓட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கிவிட்டால் கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஒரு ரப்பர் கிளை கம்பியில் சாய்ந்தால் போதும். அப்படி ஒரு ராத்திரியில்தான் என் பழைய டெஸ்க்டாப்பில் பதினோரு மணி நேரம் ஓடிய நான்கு வேலைகளும் காணாமல் போயின. ஹார்டு டிஸ்க் கெட்டுப்போகவில்லை. அவை டிஸ்க்கில் இருந்தால்தானே! எல்லாம் கரண்ட் போனால் அழிந்துவிடும் ராமில் இருந்தன, வைத்தவன் நான்தான்.

பாயிங்க் என்பது பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவான மென்பொருள். நம் கணினி சும்மா இருக்கும் நேரத்தை ஆராய்ச்சிக் கணக்குகளுக்குக் கொடுப்பது அதன் வேலை. வேற்றுக்கிரக சிக்னல் தேடிய செட்டி அட் ஹோம் 2020 மார்ச்சோடு புது வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டது. நான் பல்சர் என்னும் சுழலும் விண்மீன்களைத் தேடும் ஐன்ஸ்டைன் அட் ஹோமுக்குக் கொடுக்கிறேன். ராம் டிஸ்க் என்பது ராமில் ஒரு பகுதியை டிஸ்க் போலக் காட்டும் ஏற்பாடு. லினக்ஸில் டெம்ப்எஃப்எஸ் என்ற பெயரில் அது தயாராகவே இருக்கிறது, எதையும் இறக்க வேண்டாம்.

முதல் தவறு, எதற்காகச் செய்கிறோம் என்று தெரியாமல் செய்வது. பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான்: "ராம்ல போட்டா வேகமா ஓடும்லா அண்ணே?"

"ஓடாது மக்கா."

இந்த வேலைகளில் நேரம் முழுவதும் பிராசஸரில்தான் போகிறது. டிஸ்க்கைத் தொடுவது அவ்வப்போது மட்டும். அடிக்கடி படிக்கும் ஃபைல்களை லினக்ஸ் தானாகவே ராமில் வைத்துக்கொள்கிறது. ராம் டிஸ்க்கின் உண்மையான லாபம் வேறு. எஸ்டி கார்டில் ஓடும் ராஸ்பெர்ரி பை, பென் டிரைவில் இருந்து பூட் ஆகும் பழைய லேப்டாப், இரவில் கரகரக்கும் ஹார்டு டிஸ்க், இவற்றில் எழுதும் சுமை குறையும். நல்ல எஸ்எஸ்டி இருந்தால் பெரும்பாலும் இது தேவையே இல்லை என்பது என் கருத்து.

அதற்கு முன் ஒரு செட்டிங்கைப் பாருங்கள். ஓடும் வேலை தன் நிலையை அவ்வப்போது டிஸ்க்கில் குறித்து வைக்கும், அதுதான் செக்பாயின்ட். இரண்டு செக்பாயின்ட்டுக்கு நடுவே குறைந்தது எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று பாயிங்க்கில் சொல்லலாம். வழக்கமாக 60 விநாடி இருக்கும். அதை 900 ஆக்கினால் எழுதுவது நன்றாகக் குறையும். கரண்ட் போனாலும் பெரும்பாலும் கால் மணி நேர வேலைதான் போகும். நிறைய பேருக்கு இதுவே போதும், நானும் இதில்தான் தொடங்கியிருக்க வேண்டும்.

சரி, ராம் டிஸ்க்தான் வேண்டும் என்றால் அடுத்த தவறுக்கு வருவோம். இதில்தான் நான் விழுந்தேன். பாயிங்க் தன் வேலைகளையெல்லாம் வைக்கும் டேட்டா ஃபோல்டர் முழுவதையும் ராமில் போட்டுவிட்டு, டிஸ்க்குக்குத் திரும்ப நகல் எடுக்காமல் விட்டேன். போனது என் பதினோரு மணி நேரம் மட்டுமில்லை. ஐன்ஸ்டைன் போன்ற புராஜெக்ட்கள் ஒரே வேலையை இரண்டு பேருக்கு அனுப்பி விடைகளை ஒப்பிடும். ராம் காலியானதும் பாயிங்க் புதுக் கணினி போலப் போய் நிற்கும். வந்திருப்பது அதே கணினிதான் என்று புராஜெக்ட்டின் சர்வர் கண்டுபிடித்தால் பழைய வேலைகளைக் கைவிட்டதாகக் குறித்துவிடும். கண்டுபிடிக்காவிட்டால் கெடு முடியும்வரை காத்திருக்கும். அதுவரை எங்கோ ஒருவர் முடித்துக் கொடுத்த விடை சும்மா கிடக்கும். அப்புறம் நம் கணக்கில் ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு புதுக் கணினி முளைத்திருக்கும். எனக்கு ஒரே வாரத்தில் ஐந்து முளைத்தன!

அதனால் மணிக்கு ஒரு முறை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியை வைத்து டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். ஆனால் கிளையன்ட், அதாவது நம் கணினியில் ஓடும் பாயிங்க் புரோகிராம், ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுத்தால், எந்த வேலை எங்கே நிற்கிறது என்று அது எழுதி வைக்கும் நிலைக்குறிப்பு ஃபைல் ஒரு நேரத்தையும் வேலை ஃபைல்கள் இன்னொரு நேரத்தையும் காட்டலாம். கிளையன்ட்டை நிறுத்தி, நகல் எடுத்து, மறுபடி தொடங்குவதே நல்லது. பழைய நகலில் இன்னொரு கண்ணியும் உண்டு. கிளையன்ட் சர்வரோடு பேசும் ஒவ்வொரு தடவையும் ஒரு வரிசை எண் கூடும். ஆறு மணி நேரம் பழைய நகலைத் திரும்ப வைத்தால் அந்த எண் பின்னால் போகும். யாரோ ஃபோல்டரை வேறு கணினிக்கு நகல் எடுத்துவிட்டார்கள் என்று சர்வர் நினைத்துப் புதுக் கணினி எண் கொடுக்கப் பார்க்கும். எனவே நகலுக்கும் நடப்புக்கும் இடைவெளி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

வரிசை தப்புவது இதன் தம்பி. கணினி எழும்போது முதலில் ராம் டிஸ்க் மவுன்ட் ஆக வேண்டும், அதாவது ஃபோல்டராக இணைய வேண்டும், அடுத்து நகல் உள்ளே வர வேண்டும், அதன் பிறகே கிளையன்ட் எழ வேண்டும். அணையும்போது நேர்மாறாக, முதலில் கிளையன்ட், பிறகு நகல். லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டியில், எது எதற்குப் பிறகு என்ற இந்தச் சார்பை எழுதாவிட்டால் கிளையன்ட் காலி ஃபோல்டரைப் பார்த்து, நான் இப்போதுதான் பிறந்தேன் என்று தொடங்கிவிடும். அணையும்போது அந்தக் காலி ஃபோல்டரை நல்ல நகலின் மேலேயே ஆர்சிங்க் எழுதினால், அதுவும் அங்கே இல்லாததை அழிக்கும் ஆப்ஷனோடு எழுதினால், அழத்தான் வேண்டும். நகல் எடுக்கும் ஸ்கிரிப்டில் நிலைக்குறிப்பு ஃபைல் இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்.

இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். பல வீட்டு இன்வெர்ட்டர்களில் யூபிஎஸ் மோடு தனியாக உண்டு. அது போடாமல் இருந்தால், மாறும் அந்த இமைப்பொழுதில் ஃபேன் நிற்காது, ஆனால் கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி அடித்தபோது இந்த மாவட்டத்தில் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. எந்த பேட்டரியும் அதைத் தாங்காது. பேட்டரி நன்றாக இருக்கும் பழைய லேப்டாப்தான் இந்த விளையாட்டுக்குத் தோது, சார்ஜ் குறைந்ததும் முறையாக அணையும்படி வைத்துவிடலாம்.

மவுன்ட் ஆப்ஷன்களில் ஒரு சின்னத் தவறு பெரிய சேதம் செய்யும். அங்கிருந்து எந்தப் புரோகிராமும் ஓடாமல் தடுக்கும் நோஎக்ஸெக்கைப் பாதுகாப்புக்கு என்று போடுவது பலருக்குப் பழக்கம். பாயிங்க்கில் புராஜெக்ட்டின் புரோகிராம்கள் டேட்டா ஃபோல்டருக்குள் இருந்தே ஓடுகின்றன. நோஎக்ஸெக் இருந்தால் ஒவ்வொரு வேலையும் தொடங்கிய நொடியிலேயே பிழையாகும், கிளையன்ட் அடுத்ததை வாங்கும், அதுவும் பிழையாகும். காலையில் பார்த்தால் சர்வர் நமக்குத் தரும் அன்றைய வேலை ஒதுக்கீடு முழுவதும் தீர்ந்திருக்கும். ஃபோல்டரின் உரிமை ரூட் என்ற நிர்வாகிக் கணக்கிடம் இருப்பதும் கிட்டத்தட்ட இதே கதை. பாயிங்க்குக்கென்று இருக்கும் பயனர் பெயருக்கு அதை மாற்றிக் கொடுங்கள்.

அளவு விஷயம் எளிது, ஆனால் மறந்துவிடும். டெம்ப்எஃப்எஸ்ஸுக்கு அளவு சொல்லாவிட்டால் ராமில் பாதிவரை எடுத்துக்கொள்ளும். என் 8 ஜிபியில் 4 ஜிபி அதற்குப் போனால், ஓடும் நான்கு வேலைகளுக்கும் உலாவிக்கும் மீதி 4 தான். நெருக்கடி வந்தால் டெம்ப்எஃப்எஸ்ஸில் இருப்பது, ராம் போதாதபோது உதவும் டிஸ்க் இடமான ஸ்வாப்புக்குப் போகும். ஸ்வாப் இருப்பது எந்த டிஸ்க்கில்? நாம் காப்பாற்ற நினைத்த அதே டிஸ்க்கில். லினக்ஸ் கெர்னல் 6.4 முதல் டெம்ப்எஃப்எஸ்ஸை ஸ்வாப்புக்கு விடாத ஆப்ஷன் இருக்கிறது. ராம்எஃப்எஸ் என்ற இன்னொரு வகை ராம் டிஸ்க் ஸ்வாப்புக்குப் போகாது என்று அதற்குத் தாவாதீர்கள், அதற்கு அளவு வரம்பே கிடையாது, நிரம்பினால் கணினி உறைந்துவிடும். மிகக் குறைவாகக் கொடுத்தாலும் வம்புதான். இடம் போதாது என்று சொல்லிப் பாயிங்க் புது வேலை வாங்காது. எனக்கு 1.5 ஜிபி போதுமாக இருக்கிறது.

கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸைக் கேட்கும் வேலைகளையும், வாரக்கணக்கில் ஓடும் காலநிலை மாதிரிகளையும் ராமில் வைக்கவே வேண்டாம். அவை டிஸ்க்கில் இருக்கட்டும்.

எல்லாம் அமைத்த பிறகு, புது வேலை வாங்காதே என்று சொல்லிவிட்டு, கையில் ஒன்றிரண்டு வேலை மட்டும் இருக்கும்போது கணினியை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். அந்த வேலைகள் விட்ட இடத்திலிருந்து தொடர்கின்றனவா, புராஜெக்ட் கணக்கில் கணினி எண் மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஒரு முறை பிளக்கையும் உருவிப் பாருங்கள், மழை வந்து உருவுவதற்கு முன்னால்.