ககுமா முகாமில் பொறியியல் வடிவமைப்பு வகுப்பு: ஒரு விளக்கிலிருந்து தொடங்குவது

கென்யாவின் வடமேற்கில், துர்கானாவின் வறண்ட நிலத்தில் 1992 முதல் இருக்கிறது ககுமா அகதிகள் முகாம். தெற்குச் சூடான், சோமாலியா, காங்கோ என்று பல நாட்டவர் ஒரே வகுப்பில் இருப்பார்கள். அங்கே ஒரு விளக்கைச் செய்யவைத்துப் பொறியியல் வடிவமைப்பு கற்பிக்கப் போகிறீர்கள் என்றால், உதிரிபாகப் பெட்டியை முதல் நாளே திறந்துவிடாதீர்கள். திறந்தால் பெட்டியில் இருப்பதை வைத்து எதையாவது செய்வார்கள். தேவையை யாரும் பார்க்கமாட்டார்கள்.

முதல் இரண்டு வகுப்பும் தேவைக்கே. மொழி கலந்து நான்கு நான்கு பேராகப் பிரியுங்கள். இருட்டியபின் எந்த வேலை நின்றுபோகிறது, எத்தனை மணி நேரம் வெளிச்சம் வேண்டும் என்று ஒவ்வொரு குழுவும் ஐந்து வீடுகளில் கேட்டு வரட்டும். “நல்ல விளக்கு வேண்டும்” என்று எழுதிவந்தால் திருப்பி அனுப்புங்கள். “தினம் 3 மணி நேரம் எரிய வேண்டும், 1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் அணையக்கூடாது” என்று அளந்து பார்க்கக்கூடியதாக இருந்தால்தான் அது நிபந்தனை.

ரேஷன் நாளிலும் தண்ணீர் வரிசை நீளும் நாளிலும் ஆள் குறையும். ஒவ்வொரு குழுவுக்கும் பொது நோட்டு ஒன்று இருந்தால் வராதவர் மறுநாள் அதைப் படித்துச் சேர்ந்துகொள்வார்.

பிறகு மின்சுற்று: ஏஏ அளவு பேட்டரி 3, வெள்ளை எல்இடி 1, சுவிட்ச், மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் மின்தடை. எல்இடிக்குச் சுமார் 3.1 வோல்ட், 20 மில்லிஆம்பியர் போதும். மூன்று பேட்டரியும் வரிசையாகச் சேர்ந்தால் 4.5 வோல்ட். மிச்சம் 1.4 வோல்ட்டை 0.02 ஆல் வகுத்தால் 70 ஓம். கடையில் கிடைப்பது 68, 82. புது பேட்டரி ஒவ்வொன்றும் 1.6 வோல்ட் வரை காட்டும்; அப்போதும் மின்னோட்டம் அதிகம் கூடாமலிருக்க 82 போடுங்கள்.

வெளிச்சம் போதாமல் எல்இடிகளைப் பக்க இணைப்பில் (ஒவ்வொன்றும் தனிக் கிளையாக) சேர்த்து, எல்லாவற்றுக்கும் ஒரே மின்தடை வைப்பார்கள். எல்இடிகள் அச்சாக ஒன்றுபோல இருப்பதில்லை. குறைந்த வோல்ட்டில் எரிவது அதிக மின்னோட்டம் இழுத்துச் சூடேறும். சூடேறினால் இன்னும் இழுக்கும். நீங்களே சொல்லிவிடாமல், ஒவ்வொரு கிளையையும் மின்னளவு காட்டும் மல்டிமீட்டரில் அளக்கவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி மின்தடை வேண்டும் என்று அவர்களே வருவார்கள்.

சோதனைதான் இந்தப் பாடத்தின் உயிர். 2000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி 20 மில்லிஆம்பியருக்கு 100 மணி நேரம் வரும் என்று காகிதக் கணக்கு சொல்லும். ஆனால் பேட்டரி தலா 1.2 வோல்ட்டுக்கு இறங்கியதும் மிச்சம் 0.5 வோல்ட்தான்; 82 ஓமில் மின்னோட்டம் 6 மில்லிஆம்பியர்தான். அதற்கு முன்பே வெளிச்சம் மங்கிவிடும். தினமும் அளந்து வரைபடம் போடச் சொல்லுங்கள். கோடு சரியும் இடத்தில் மறுவடிவமைப்பு தொடங்குகிறது.

பழைய லேப்டாப்பின் லித்தியம் செல்லை முதல் சுற்றில் அனுமதிக்காதீர்கள். ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும். அடுத்த சுற்றில் தந்தாலும் பாதுகாப்பு மின்சுற்றோடு தாருங்கள், செல்லின்மீது நேராகச் சால்டரிங் வைக்கவிடாதீர்கள். மேலே 3.7 என்றிருந்தாலும் முழு சார்ஜில் அது 4.2 வோல்ட், கணக்கை 4.2 வைத்தே போட்டு, மிச்சம் 1.1 வோல்ட்டுக்கு 56 ஓம் மாட்டுங்கள்.