விடுமுறை நாளில் லாரி ஓட்டினால் சம்பளத்தைக் கேட்டு வாங்குவது எப்படி

டிரிப்புக்கு இவ்வளவு என்று பேசி ஓட்டுகிறவர்களுக்குப் பொது விடுமுறைச் சம்பளம் கிடையாது என்று நாமாகவே நினைத்துக்கொள்கிறோம். 22 வருடம் ஓட்டியதில் பாதிக் காலம் நானும் அப்படித்தான் இருந்தேன்.

முதலில் வேலை ஒப்பந்தத்தை எடுங்கள். வண்டி பல மாகாணம் தாண்டும், விடுமுறைப் பட்டியல் இடத்துக்கு இடம் மாறும். உங்களுக்கு எந்த ஊர்ப் பட்டியல் என்று பாருங்கள். அன்று ஓட்டினால் கூடுதல் சம்பளமா, மாற்று லீவா? ஓட்டாமல் வீட்டில் இருந்தால்? கிலோமீட்டர் கணக்கில் சம்பளம் வாங்குகிறவர் மாட்டிக்கொள்வது இங்கேதான். வண்டி நகரவில்லை, அதனால் பூஜ்யம் என்பார்கள். கடந்த சில வாரச் சம்பாத்தியத்தின் சராசரியைக் கேளுங்கள். வருடாந்திர லீவுக்கு வழக்கமான அல்லது சராசரிச் சம்பளம் என்பதும், பொது விடுமுறையை அந்த லீவில் கழிக்கக்கூடாது என்பதும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 132ஆம் உடன்படிக்கையிலேயே (1970) இருக்கிறது. உங்கள் நாடு அதை ஏற்றிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், நள்ளிரவு. ஒருமுறை விடுமுறைக்கு முந்தின இரவு 9:40க்குக் கிளம்பி, விடிகாலை 5:15க்கு இறக்குமிடத்துக் கேட்டில் நின்றேன். டிரிப் ஷீட்டில் புறப்பட்ட தேதி மட்டும்தான் எழுதியிருந்தேன். "நேற்றைய டிரிப்தானே" என்று கணக்குப் பார்ப்பவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். 12 மணிக்கு மேல் ஓட்டியதெல்லாம் போச்சு.

அதிலிருந்து, நள்ளிரவு தாண்டி வண்டியை நிறுத்தும் முதல் இடத்தில் நேரத்தையும் மீட்டர் அளவையும் எழுதிவிடுவேன். டோல் ரசீதில் நேரம் அச்சாகியிருக்கும். ஆனால் அது வெப்பத்தில் கறுக்கிற தாள். டாஷ்போர்டில் போட்டால் நாலு நாளில் ஒன்றும் படிக்க முடியாது. உடனே போட்டோ எடுத்துவிடுங்கள்.

கேட்டில் காத்திருக்கும் நேரம் வேலையா இல்லையா என்பது தனிச் சண்டை. அதே தொழிலாளர் அமைப்பின் 153ஆம் உடன்படிக்கை (1979) அதை எந்த அளவுக்கு வேலை நேரமாக எடுப்பது என்று அந்தந்த நாட்டின் முடிவுக்கே விட்டிருக்கிறது. அதனால் டோக்கன் எண், உள்ளே போன நேரம், வண்டியை விட்டுப் போக அனுமதி இருந்ததா என்பதையும் குறித்து வையுங்கள்.

சம்பளச் சீட்டில் விடுமுறைக்குத் தனி வரி இருக்க வேண்டும். "பேட்டாவில் சேர்த்தாச்சு" என்றால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். போனில் கேட்காதீர்கள். "இந்தத் தேதி விடுமுறை. இத்தனை மணிக்கு ஆரம்பித்து இத்தனை மணி வரை ஓட்டினேன். டிரிப் ஷீட், ரசீதுப் படம் இணைத்திருக்கிறேன். எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று சொல்லுங்கள்" என்று மெசேஜில் அனுப்புங்கள். பதிலும் எழுத்திலேயே வரட்டும்.