பிக்கப்புக்கு கூலன்ட் மாத்தும்போது

மாட்டுத்தாவணிக்குக் காய்கறி லோடு அடிக்கிற டீசல் பிக்கப் வச்சிருக்கீங்களா? சித்திரை வெயில் ஏறுறதுக்குள்ள கூலன்ட்டை, அதான் இன்ஜின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டர்ல ஓடுற திரவத்தை, ஒரு தடவை பாத்துருங்க. துருக்கலர்ல கலங்கியிருந்தா, அளவு சரியா இருந்தாலும் மாத்த வேண்டியதுதான்.

இன்ஜின் சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில கை வைக்காதீங்க, கொதிக்கக் கொதிக்க மூஞ்சில அடிக்கும். நல்லா ஆறவிட்டு, அடியில இருக்கிற டிரெயின் திருகைத் திறந்து பழசைப் பிடிங்க.

நம்ம பக்கம் பலரும் கோட்டை விடுறது தண்ணியிலதான். போர் தண்ணியில உப்பு ஜாஸ்தி. ரேடியேட்டர் குழாய்க்குள்ள வெள்ளையாப் படிஞ்சு அடைச்சிரும். கெட்டி கூலன்ட் வாங்கினா பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர், பேட்டரிக்கு ஊத்துறோமே அதேதான். கலந்தே வர்றதுன்னா அப்படியே ஊத்தலாம். பச்சை, சிவப்புன்னு கலரைப் பாத்து வாங்காதீங்க. வண்டி புக்குல எந்த வகை போட்டிருக்கோ அதுதான் கணக்கு.

ஊத்தினதும் மூடியைத் திறந்தபடி இன்ஜினை ஸ்லோவுல ஓடவிடுங்க. குமிழ் குமிழா காத்து வெளியேறும், மட்டம் இறங்கும். இறங்க இறங்க ஊத்துங்க. மேல் ஹோஸ் சூடானா தெர்மோஸ்டாட், அதாவது சூடானதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடுற வால்வு, திறந்திருச்சுன்னு அர்த்தம். காத்து உள்ளேயே நின்னுச்சுன்னா, லோடோட ஆண்டிப்பட்டி கணவாய் ஏறும்போது டெம்பரேச்சர் முள்ளு எகிறிரும்.

வடிச்ச பழசு இனிக்கும், ஆனா விஷம். நாயோ ஆடோ நக்கினா உயிர் போயிரும். கேன்ல பிடிச்சு இறுக்கி மூடிருங்க, வாய்க்கால்ல கொட்டாதீங்க.