வைட்டமின் டி–யும் நோயும்: ஆய்வைத் திட்டமிடும் முறை

நோயாளிகளின் ரத்தத்தில் வைட்டமின் டி குறைவு என்று காட்டுவது எளிது. குறைவால் நோய் வந்ததா, நோயால் குறைவு வந்ததா என்று பிரித்துச் சொல்வதுதான் கடினம். அதற்கான வழியைத் திட்டம் எழுதும்போதே வைத்துவிடுங்கள். தரவு வந்தபின் எந்தப் புள்ளியியலும் காப்பாற்றாது.

அளக்க வேண்டியது 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி, அதாவது உடலின் வைட்டமின் டி கையிருப்பைக் காட்டும் வடிவம். ரத்தத்தில் அதன் அரை ஆயுள் இரண்டு, மூன்று வாரம். செயல்படும் வடிவம் என்பதற்காக 1,25-டைஹைட்ராக்சியை அளக்காதீர்கள். அது சில மணி நேரத்தில் குறைந்துவிடும். கையிருப்பு வற்றினாலும் பாராதைராய்டு ஹார்மோன் அதை இயல்பு அளவிலோ அதற்கு மேலோ தூக்கி வைத்திருக்கும். அலகையும் கவனியுங்கள்: 1 நானோகிராம்/மி.லி. என்பது சுமார் 2.5 நானோமோல்/லிட்டர். பல தாள்களின் எண்களைத் தொகுக்கும்போது அதிகம் வழுக்குவது இங்கேதான்.

முடிந்தால் எல்.சி-எம்.எஸ்/எம்.எஸ் (மூலக்கூறுகளைப் பிரித்து நிறையால் அடையாளம் காணும்) முறையில் அளவிடுங்கள். எதிர்ப்பொருள் கொண்டு அளக்கும் இம்யூனோஅஸ்ஸே கிட்டுகள் சில, வைட்டமின் டி-யின் இரு வடிவங்களில் ஒன்றான டி2-வைக் குறைத்துக் காட்டும். கைக்குழந்தைகளின் மாதிரி என்றால் சி3-எபிமரை (அதே மூலக்கூறின் சற்றே மாறிய வடிவத்தை) பிரிக்கும் முறையே வேண்டும். இல்லையேல் அளவு கூடுதலாகத் தெரியும். நோயாளிகளின் குழாய்களை ஒரு நாளும் மற்றவர்களுடையதை இன்னொரு நாளும் ஓட்டினால், கிடைப்பது நோயின் வித்தியாசமா, கருவியின் வித்தியாசமா என்று தெரியாது. ஒவ்வொரு நோயாளியின் மாதிரியையும் அவருக்கு ஒப்பிட எடுத்த நோயற்ற இணையின் மாதிரியையும் ஒரே தட்டில் அடுத்தடுத்து, ஆனால் முன்பின் வரிசையைக் குலுக்கி வையுங்கள். ஒரே சீரத்திலிருந்து பிரித்த கட்டுப்பாட்டு மாதிரியை எல்லாத் தட்டிலும் சேருங்கள்.

ரத்தம் எடுத்த தேதி கட்டாயம். கோடையின் முடிவில் எடுத்ததும் குளிர்காலக் கடைசியில் எடுத்ததும் ஒன்றல்ல. உடல் பருமன், வெளியில் கழிக்கும் நேரம், மாத்திரைப் பழக்கம் ஆகியவற்றையும் பதியுங்கள். அழற்சியைக் காட்டும் ரத்தப் புரதமான சி.ஆர்.பி.யும் சேர்த்து அளங்கள், ஏனென்றால் அழற்சி ஏறும்போது 25-ஹைட்ராக்சி இறங்கும். ஆகவே மருத்துவமனையில் சேர்ந்த அன்று எடுத்த ரத்தம் காரணத்தைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்லும். நோய் வருமுன் சேமித்த மாதிரிகள் கிடைத்தால் அவற்றைத் தேடிப் போங்கள்.

நோய் வந்தாலும் மாறாத மரபணு வழியில் சோதிக்க, வைட்டமின் டி அளவைப் பாதிக்கும் ஜி.சி., டி.ஹெச்.சி.ஆர்.7, சி.ஒய்.பி.2ஆர்1 மரபணுக்களின் மாறுபாடுகள் உதவும். அவை விளக்கும் வேறுபாடு சிறியது என்பதால் பெரிய மாதிரி எண்ணிக்கை வேண்டும்.

மருந்து கொடுத்துப் பார்க்கும் சோதனையில், ஏற்கெனவே போதுமான அளவு உள்ளவர்களைச் சேர்த்தால் பயன் தெரிய வாய்ப்பு குறைவு. 25,871 பேரைச் சேர்த்து, அவர்களில் சுமார் பாதிப் பேருக்குத் தினம் 2,000 ஐ.யு. (சர்வதேச அலகு) வைட்டமின் டி கொடுத்த ‘வைட்டல்’ என்ற சோதனையில் ஆரம்பச் சராசரியே சுமார் 31 நானோகிராம்/மி.லி.; புற்றுநோயும் இதய நோயும் குறையவில்லை. ஆனால் 12 நானோகிராம்/மி.லி.க்குக் கீழ் உள்ளவரை மருந்தில்லாத வெற்று மாத்திரையில் விட்டுவைப்பது அறமல்ல. அவருக்குச் சிகிச்சை தரும் ஏற்பாட்டை நெறிக்குழு விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். மொத்தமாக ஒரே தவணையில் கொடுப்பதையும் தவிருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை 5,00,000 ஐ.யு. கொடுத்த சோதனையில் முதிய பெண்களுக்கு விழுதலும் எலும்பு முறிவும் கூடின. அது 2010-இல் வெளியானது. தினசரி அளவே நல்லது. மூன்று மாதத்தில் 25-ஹைட்ராக்சியையும் கால்சியத்தையும் மறுபடி அளந்து, அளவு உண்மையில் ஏறியதா என்று பாருங்கள்.