ஹனாபியில் சீட்டைப் போடலாமா, வேண்டாமா?

ஹனாபி என்பது தன் கைச் சீட்டைத் தான் பார்க்காமல், மற்றவர் தரும் குறிப்பை வைத்து, ஒவ்வொரு நிறத்திலும் 1 முதல் 5 வரை வரிசையாக அடுக்கும் சீட்டாட்டம். அதில் சந்தேகமான சீட்டைப் போடும் முன், குறிப்பில் தெரிந்த அதன் எண்ணைக் கவனியுங்கள்: 1 என்றால் துணிந்து போடலாம், 5 என்றால் நிறமும் தெரியும் வரை பொறுங்கள். 1 தப்பாகிறது என்றால் அந்த நிறத்து 1 ஏற்கெனவே மேசையில் இருக்கிறது என்று அர்த்தம். அதனால் போவது தவறுக்கான மூன்று வாய்ப்புகளில் ஒன்று மட்டும்தான், சீட்டால் நஷ்டமில்லை. 5 அப்படியில்லை. நிறத்துக்கு ஒன்றே ஒன்றுதான், அவசரப்பட்டுப் போட்டால் அந்த வரிசை கடைசி வரை முழுமையாகாது. பார்க்கவே மனசு கேட்காது. 2, 3, 4 நிறத்துக்கு இரண்டிரண்டு. சரி, கழித்த சீட்டுகளில் இன்னொன்று கிடக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு முடிவெடுங்கள்; கிடந்தால் உங்கள் கையில் இருப்பதுதான் கடைசி.

ஏற்கெனவே இரண்டு தவறு ஆகியிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. மூன்றாவது தவறோடு ஆட்டமே முடிந்துவிடும், அப்போது 1-ஐக்கூட உறுதியாகத் தெரியாமல் போடாதீர்கள்.