பழைய ஏர் கம்ப்ரஸர்: டேங்க்தான் முதலில்

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டைப் பக்கம் பழைய கம்ப்ரஸர் பார்க்கப் போகிறீர்களா? வரும்வரை ஓட்டவேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். சூடான மெஷின் திணறாமல் ஸ்டார்ட் ஆகிவிடும். மோட்டார், கெபாசிட்டர் கோளாறு மறைந்துவிடும்.

காற்றை முழுக்க இறக்கிவிட்டு, டேங்க் அடியிலுள்ள டிரெயின் வால்வைத் திறங்கள். தண்ணீரோடு துருச்செதில் விழுந்தாலோ, அடிவயிற்றில் வெல்டிங் ஒட்டு தெரிந்தாலோ, சும்மா கொடுத்தாலும் வேண்டாம். வெடித்தால் உயிர் போய்விடும்.

பிறகு டிரெயின் வால்வை மூடி, மெஷினை ஓட்டிக் கடிகாரத்தைப் பாருங்கள். 100 லிட்டர் டேங்க் 7 பார் அழுத்தம் ஏற 700 லிட்டர் காற்று தேவை. நிமிடத்துக்கு 200 லிட்டர் தரும் ஹெட்டுக்கு (காற்றை அழுத்தும் பம்ப்) மூன்றரை நிமிடம். ஆறு நிமிடம் இழுத்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு பிளேட் தேய்ந்திருக்கும். பேரத்தில் அந்தச் செலவைக் கழியுங்கள். டேங்க் நிரம்பி மோட்டார் கட்-ஆஃப் ஆனபின், அதை நிறுத்தும் பிரஷர் ஸ்விட்சில் ‘உஸ்’ சத்தம் நிற்காவிட்டால் டேங்க் காற்று திரும்பி வராமல் தடுக்கும் செக் வால்வு கசிகிறது, அது சின்ன வேலை.