கடற்கரை ஊர்க் காருக்கு ஹெட்லைட் மேம்பாடு: வீட்டிலேயே செய்யும் முறை

ராமநாதபுரம் மாவட்டத்தில், தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலோரத்தில் கார் வைத்திருப்பவர்கள் பலரும், ஹெட்லைட் மங்கிவிட்டால் நேரே கடைக்குப் போய் அதிக வாட் பல்பு கேட்கிறார்கள். பெரும்பாலும் அது வீண் செலவு. காரோடு வந்த வெளிச்சத்தில் பாதியை உப்பும் மணலும் வெயிலும் தின்றிருக்கும். இழந்ததை முதலில் மீட்போம். புது பல்பு கடைசியில்தான். இங்கே சொல்வது எச்4 ஹாலஜன் பல்பு (லோ பீம், ஹை பீம் இரண்டுக்கும் ஒரே பல்பு) போட்ட சாதாரண கார்களுக்கு. தொழிற்சாலையிலேயே எல்.இ.டி. பொருத்தி வந்த கார் என்றால், லென்ஸ் சுத்தம் செய்யும் பகுதி மட்டும் உங்களுக்குப் பயன்படும்.

படி 1: எங்கே போகிறது வெளிச்சம்?

பகலில் லென்ஸ் வழியாக உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளிருக்கும் பிரதிபலிப்பானின் வெள்ளிப் பூச்சு கருத்தோ உரிந்தோ இருந்தால் மேற்கொண்டு எதுவும் செய்யாதீர்கள். ஹெட்லைட் கூட்டையே மாற்ற வேண்டும். பூச்சு நன்றாக இருந்தால் அடுத்தது மல்டிமீட்டர்.

இன்ஜின் ஓட, லோ பீம் எரியும்போது பேட்டரியின் இரு முனைகளிலும் மின்னழுத்தத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 13.5 முதல் 14.4 வோல்ட் வரை இருக்கும். பிறகு, பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே ஹோல்டரின் பின்பக்கத்தில், லோ பீம் காலுக்கும் எர்த் காலுக்கும் இடையே அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒயரிங்கில் இழப்பு இருக்கிறது. ஹாலஜன் பல்பில் மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறையும். பல்பு மாற்றியும் திருப்தி வராததன் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

படி 2: லென்ஸ்

இப்போதைய லென்ஸ்கள் பாலிகார்பனேட். புற ஊதாக் கதிர் பட்டு மேற்பூச்சு மஞ்சளாகும். காற்று வலுக்கும் மாதங்களில் தனுஷ்கோடிச் சாலையில் பறக்கும் மணல் அதில் பொடிப்பொடியாகக் குழி போடும். பழைய கண்ணாடி லென்ஸாக இருந்தால் தேய்க்கத் தேவையில்லை, கழுவினால் போதும்.

உலர்ந்த துணியால் துடைக்கவே கூடாது. ஒட்டியிருக்கும் மணலே கீறிவிடும். நிறைய நீர் ஊற்றி, ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உவர்ப்பு. அதில் கழுவிக் காயவிட்டால் வெள்ளைத் திட்டு படியும். கடைசி அலசலுக்காவது காவிரிக் குடிநீரோ கேன் நீரோ எடுத்துக்கொள்ளுங்கள்.

லென்ஸைச் சுற்றியுள்ள பெயின்டின் மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டுங்கள். 800 எண் வாட்டர் பேப்பரை நீரில் ஊறவைத்து, கிடைவாக்கில் தேயுங்கள். முதலில் மஞ்சளாக நீர் ஓடும். வெண்மையாக ஓடத் தொடங்கும்வரை விடாதீர்கள். அடுத்து 1500 எண்ணில் மேலும் கீழுமாக, 2000-இல் மீண்டும் கிடையாக, முடிவில் 3000. திசையை மாற்றினால்தான் முந்தைய கோடுகள் போய்விட்டனவா என்று தெரியும். இந்த நேரத்தில் லென்ஸ் புகைபடிந்த கண்ணாடிபோல இருக்கும். பயப்படாதீர்கள், பாலிஷ் போட்டால் தெளிந்துவிடும்.

பலர் பாலிஷோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் தேய்த்ததில் தொழிற்சாலைப் பூச்சும் போய்விட்டது. நம் வெயிலில் சில மாதங்களில் மறுபடி மஞ்சளாகும். ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, புற ஊதாவைத் தடுக்கும் தெளிவான பூச்சு அடியுங்கள். காலையில், கடற்காற்று எழும்பும் முன், மூடிய இடத்தில் அடிப்பது நல்லது. திறந்தவெளியில் அடித்தால் பூச்சோடு மணலும் சேர்ந்து காயும். பற்பசை வைத்தியத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: அன்றைக்குப் பளபளக்கும், அவ்வளவுதான்.

படி 3: எர்த்

பல்பிலிருந்து மின்சாரம் காரின் பாடி வழியே பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பும் இணைப்புதான் எர்த். விளக்கு எரியும்போது மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் மைனஸிலும், சிவப்பு முனையை ஹோல்டரின் எர்த் காலிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பு கெட்டிருக்கிறது. சில கார்களில் சுவிட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும். அங்கே இந்தச் சோதனை செல்லாது, அடுத்த படியில் வரும் ரிலே கிட்டும் வேறு வகையாக இருக்க வேண்டும். காரின் ஒயரிங் படத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எர்த் ஒயர் பாடியில் மாட்டியிருக்கும் போல்ட்டைக் கழற்றினால் உப்புக்காற்றின் வேலை தெரியும்: இரும்பில் துரு, செம்பில் பச்சைக் களிம்பு. பளிச்சென்று உலோகம் தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் பூசுங்கள்.

படி 4: ரிலே

பழைய முறையில் ஹெட்லைட் மின்சாரம் முழுவதும் ஸ்டியரிங் சுவிட்ச் வழியே மெல்லிய ஒயரில் சுற்றிவரும். ரிலே என்பது சிறு மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச். அதைப் போட்டால் ஸ்டியரிங் சுவிட்சின் வேலை ரிலேக்குச் சைகை கொடுப்பது மட்டுமே. பல்புக்குப் பேட்டரியிலிருந்தே நேரடி மின்சாரம். ஒயர்களை வெட்டாமல் மாட்டும் ரெடிமேட் கிட்டே தொடக்கக்காரருக்கு உகந்தது. பீங்கான் ஹோல்டரும், 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

பேட்டரியின் மைனஸைக் கழற்றிய பிறகே கை வையுங்கள். ஒரு பக்கத்துப் பழைய ஹோல்டரைக் கிட்டின் உள்ளீட்டு பிளக்கில் செருகுங்கள். கிட்டின் புது ஹோல்டர்கள் இரண்டு பல்புகளுக்கும். எர்த் ஒயர்கள் சுத்தம் செய்த உலோகத்துக்கு. சிவப்பு ஒயர் பேட்டரியின் பிளஸுக்கு. 15 ஆம்பியர் ஃப்யூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்க வேண்டும். ரிலேயின் கால்கள் கீழ்நோக்கி இருக்குமாறு மாட்டுங்கள்; நீர் தேங்காது.

படி 5: பல்பு

60/55 வாட் (ஹை பீமுக்கு 60, லோ பீமுக்கு 55) போதும். 100/90 போட்டால் இரண்டு பல்புக்கும் சேர்த்து 17 ஆம்பியர் ஓடும். ஹோல்டர் உருகும், எதிரே வருபவர் கண் கூசும். உற்பத்தியாளர் கொடுத்த விவரத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும் அனுமதிப்பதில்லை.

ஹாலஜன் கூட்டில் மாற்று எல்.இ.டி. செருகுவதும் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பிரதிபலிப்பான், இழை இருக்கும் துல்லியமான இடத்தைக் கணக்கிட்டு வளைத்தது. எல்.இ.டி. சற்று விலகினாலும் வெளிச்சம் சிதறும். அதன் பின்னால் இருக்கும் சின்ன விசிறியை உப்புக்காற்று எத்தனை நாள் விட்டுவைக்கும் என்பது வேறு கேள்வி.

புது பல்பின் கண்ணாடியைக் கையால் தொடாதீர்கள். விரல் எண்ணெய் பட்ட இடம் மட்டும் அதிகச் சூடாகிப் பல்பு சீக்கிரம் போகும். இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். பின்பக்க ரப்பர் உறையை முழுதாக இழுத்து மூடுங்கள்; அது விலகினால் உப்பு ஈரம் உள்ளே போய் வெள்ளிப் பூச்சைக் கெடுக்கும்.

படி 6: குறி வைத்தல்

இதைச் செய்யாவிட்டால் மேலே செய்ததெல்லாம் மற்றவருக்குத் தொல்லை. 1988-இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலம் நடுவில் மேடேறி இறங்குகிறது. இரவில் அங்கே எதிரே ஏறிவரும் கார் சற்று நிமிர்ந்த விளக்கோடு வந்தால் என்ன ஆகும் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

சமதரை தேட நம் ஊரில் சிரமமில்லை. டயர் காற்றைச் சரிபார்த்து, விளக்கின் உயரத்தை மாற்றும் குமிழைப் பூஜ்யத்தில் வைத்து, ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்காரவைத்து, சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளிக் காரை நிறுத்துங்கள். விளக்கின் மைய உயரத்தைச் சுவரில் டேப்பால் குறியுங்கள். அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே இன்னொரு டேப். லோ பீமின் மேல்விளிம்பு இந்தக் கீழ் டேப்பில் விழ வேண்டும். வலப்பக்கம் மட்டமாகவும், இடப்பக்கம் சற்று ஏறியும் தெரியும். அந்த ஏற்றம்தான் சீமைக் கருவேலத்துக்குள்ளிருந்து திடீரென்று வெளிவரும் ஆட்டைக் காட்டிக்கொடுப்பது. கூட்டின் பின்புறத் திருகுகளைச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒரு விளக்கைத் துணியால் மறைத்து மற்றதைச் சரிசெய்யுங்கள்.

பின் இருக்கை நிறைய ஆள் ஏற்றிப் போகும் நாளில் உயரக் குமிழை ஒன்றோ இரண்டோ கூட்டிவையுங்கள்; எண் கூடினால் வெளிச்சம் தாழும். பல்பு மாற்றும்போதெல்லாம் சுவருக்கு முன் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். எர்த் போல்ட்டின் வாசலினை ஆண்டுக்கு ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன் புதுப்பித்தால் போதும்.